விற்காத வரிசை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் வந்து என் அக்காவின் இடது கையைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே தகடு வைத்துத்தான் அந்தக் கை நிற்கிறது. நான் எதையும் உப்பும் காரமும் சேர்த்துச் சொல்கிற ஆள் என்று வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. இதில் எதையும் சேர்க்கவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அக்காவின் கணவர், என் மாமா, இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. அக்கா பள்ளிக்கூடம் போவாள், மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவாள், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். அவளைச் சிரிக்கவைக்க நான் போடாத கோமாளி வேஷம் இல்லை. எதற்கும் மசியவில்லை. கடைசியில் அவளுக்கு உயிரான பாடகி எங்கள் ஊருக்குக் கச்சேரி செய்ய வந்தார். அடித்துப் பிடித்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். அக்கா ஒரு வருடத்துக்குப் பிறகு கம்மல் போட்டுக்கொண்டாள். எனக்கு அதுவே போதும்.

அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்தால்... எதிரே தூண்.

சின்னத் தூண் இல்லை. நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. மேடையில் டிரம்ஸ் வாசிக்கிறவரின் பாதி உடம்பு தெரிந்தது. மீதிப் பாதியை வேறு யாரோ காசு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடறவங்க எங்கடா?"

"தூணுக்கு அந்தப் பக்கம் இருப்பாங்கக்கா."

"இதுக்கு நம்ம வீட்டுச் சுவரே தேவலை. காத்தாவது வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் மானம் போயிற்று. டார்ச்சோடு இடம் காட்டிக்கொண்டிருந்த பெரியவரைப் பிடித்தேன்.

"தூணைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"நானா சார் கட்டினேன்?"

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. இடதுபக்கம், மேடைக்குப் பக்கத்தில், ஒரு வரிசை முழுக்கக் காலி. ஒன்பது சீட்டு.

"அது சும்மாத்தானே கிடக்கு?"

அவர் டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பவே இல்லை. "அந்த வரிசையை விக்கறதில்ல சார்."

"நான் விலைக்குக் கேக்கலையே. உக்காரத்தானே கேக்கறேன்."

"வேணாம் சார். சொன்னா கேளுங்க."

விளக்கு அணைந்தது. கூட்டம் விசிலடித்தது. யாரோ கூப்பிட, அவர் போய்விட்டார். நான் அக்காவின் கையைப் பிடித்து அந்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த அரங்கத்து நாற்காலிகள், ஆள் எழுந்தால் தானாக மேலே மடிந்துகொள்ளும் வகை. காலி நாற்காலி எல்லாமே மடிந்திருந்தது. இந்த ஒன்பது மட்டும்... இறங்கியே இருந்தன. ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

"ஸ்பிரிங் போயிருக்கும்க்கா" என்று அறிவாளிபோலச் சொன்னேன். நடுவில் இரண்டில் உட்கார்ந்தோம்.

சீட்டு சூடாக இருந்தது.

"என்னடா, முடி கருகின வாசனை வருது?"

"மேடையில புகை விடறாங்கல்ல, அதுதான்."

அது இல்லை. எனக்கே தெரிந்தது. மேடைப் புகை இருமாது. எங்கள் இரண்டு பக்கமும் மெல்ல இருமல் கேட்டது. சின்னச் சின்ன இருமல்.

ஏழு நாற்பதுக்கு அக்காவுக்குப் பிடித்த பாட்டு வந்தது. அரங்கமே எழுந்து நின்றது. அக்காவும் கைதட்டிக்கொண்டே எழுந்தாள்.

தொப்பென்று உட்கார்ந்தாள்.

மறுபடி எழுந்தாள். ஏதோ அவளைப் பின்னாலிருந்து இழுத்தது. கம்மல் காதைக் கிழித்துக்கொண்டு தெறித்தது. கழுத்தெல்லாம் ரத்தம்.

"அக்கா!"

நான் எழுந்தேன். என் முடி கொத்தாகப் பிடிபட்டது. பின்மண்டை நாற்காலியின் இரும்பில் மோதியது. ஒருமுறை... இரண்டுமுறை... சட்டைக் காலர் கழுத்தை நெரித்தது. தோளில் பற்கள் இறங்கின.

யாருமே இல்லை. அந்த வரிசையில் எங்களைத் தவிர யாருமே இல்லை.

அக்காவின் இடது கை நாற்காலிக்குப் பின்னால் வளைந்தது. வளையக் கூடாத பக்கம் வளைந்தது.

மளுக்.

அத்தனை இரைச்சலிலும் எனக்கு அது கேட்டது.

அவள் அலறினாள். நானும் அலறினேன். அங்கே அலறாத ஆள் யார் இருந்தார்கள்? முன்வரிசைக்காரர் திரும்பினார். ரத்தம் வழிகிற என் முகத்தைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டார்.

மூச்சு நின்றது. கழுத்தை நெரித்த விரல்களைப் பிடித்து இழுத்தேன்.

அந்தக் கை முழுவதும் என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

அக்காவும் உணர்ந்துவிட்டாள்.

"டேய்... குழந்தைங்கடா..."

மூச்சை இழுத்தாள். நாற்பது பிள்ளைகளை ஒரே நொடியில் அடக்குகிற அந்தக் குரல் வந்தது.

"யாரு அது? கையை எடு!"

எல்லாம் நின்றது.

"எல்லாரும் எழுந்திரிங்க. தள்ளக் கூடாது. வரிசையா என் பின்னாடி வாங்க."

டப்.

கடைசி நாற்காலி மடிந்தது.

டப்... டப்... டப்...

மறுநாள் சாயங்காலம் டார்ச் பெரியவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அக்காவின் தோளில் ஊதா நிறத்தில் பதிந்திருந்த சின்னச் சின்ன விரல் தடங்களைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பல வருஷத்துக்கு முன்னாடிம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஒன்பது பேர் பாட்டுக் கேக்க வந்தாங்க. மேடைக்குப் பின்னாடி தீப்பிடிச்சுது. 'நான் வர்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு அவங்க டீச்சர் வழி தேடிப் போனாங்க."

"வந்தாங்களா?"

"இல்லம்மா. அவங்களும் போயிட்டாங்க. எழுந்திரிக்கப் பார்த்த பிள்ளைங்களை மத்த பிள்ளைங்க பிடிச்சு உக்கார வச்சிருக்கு. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சபடியே இருந்தாங்க. பிரிச்சு எடுக்கவே..."

போகும்போது மட்டும் கொஞ்சம் முகம் தெளிந்தது. "ஆனா நேத்திலேர்ந்து அந்தச் சீட்டு ஒண்ணுகூட இறங்கலம்மா. மடிஞ்சே இருக்கு. போயிட்டாங்கபோல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள்.

"என் பின்னாடி வாங்கன்னுதானேடா சொன்னேன்?"

அதன்பிறகு அக்கா சுவரைப் பார்த்து உட்காருவதில்லை. அவள் வீட்டில் யாரும் யாரையும் உட்காரச் சொல்வதும் இல்லை. நான் போனால் நின்றுகொண்டே தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

போன மாதம் அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய ஒருவர் வந்தார். அக்கா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றவரிடம், வாய் தவறி, "உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார்.

நான் கத்தியது அக்காவுக்குக் கேட்டு, அவள் இறங்கி வருவதற்குள் அவருடைய மூன்று விரல்கள் பின்பக்கமாக மடிந்திருந்தன.

அக்கா அந்த நாற்காலியின் முன் மண்டியிட்டாள். அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. ஒரு வருடமாக நான் கேட்க ஏங்கிய குரல் அது.

"அடிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கேன்ல?"