இனியாவின் இடது கால்

இனியாவின் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, சிவப்பாக ஒரு கோடு இருந்தது. மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வந்து சாக்ஸைக் கழற்றும்போதுதான் இருதயமேரி அதைப் பார்த்தாள். வலது காலையும் தூக்கிப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை.

சாக்ஸில் எலாஸ்டிக் இறுக்கம் என்று முடிவு கட்டிக்கொண்டாள். ஒரு காலில் மட்டும் எப்படி இறுகும் என்று மனம் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் பெரிய மார்க்கெட் ஓரத்தில் தொளதொளவென்று இரண்டு ஜோடி வாங்கி வந்தாள். அதைப் போட்டு அனுப்பிய பிறகும் கோடு போகவில்லை. நிறம் மட்டும் சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறியது.

இனியா மூன்றாம் வகுப்பு. பேச்சு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் என்றார்கள். சாரம் பகுதியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, வாய் திறக்க லேட்டாகிறது, அவ்வளவுதான் என்றார். மேரி ஆளுக்குத் தகுந்தபடி இரண்டில் ஒன்றைச் சொல்வாள். சுற்றுகிற எதைக் கண்டாலும் இனியாவுக்கு அது வேண்டும். மின்விசிறி, தையல் மிஷின் சக்கரம், சைக்கிள் என்று எதுவானாலும் சரி. போன வருடம் ஒருநாள் பள்ளிக்கூடத்து கேட் திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே ஓடிவிட்டாள். காமராஜர் சாலையில், பிரேக் போட்டு நின்ற டவுன் பஸ்ஸின் முன்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாள். டிரைவர் இறங்கித் திட்டிக்கொண்டே அழுதானாம். அன்றைக்குப் பிறகு தெருவில் எங்காவது பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டால் மேரி கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை மேரி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நேரு வீதித் துணிக்கடையில் புடவைப் பிரிவு அவளுடையது. அவள் வரும்வரை வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார். செருப்பை மாட்டியவள், குழந்தை எங்கே என்று திரும்பினாள்.

இனியா கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கொடியிலிருந்து மேரியின் துப்பட்டாவை உருவி வந்திருந்தாள். இடது காலைக் கட்டில் காலோடு ஒட்டி நீட்டி, துப்பட்டாவை அம்மாவை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். முகத்தில் அழுகையில்லை, கோபமில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா கழுவிவிடக் கையை எப்படி நீட்டுவாளோ அப்படி நீட்டியிருந்தாள்.

மேரி துப்பட்டாவை வாங்கிக் கொடியில் போட்டாள். யாராவது எழுந்து போவதென்றால் முதலில் தன் காலைக் கட்டிவிட்டுத்தான் போவார்கள் என்று குழந்தை எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறது.

அன்று கடையில் இரண்டு புடவைகளை மாற்றி மடித்தாள். சாப்பாட்டு வேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்து நெல்சனைக் கூப்பிட்டாள். அவள் புருஷன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அப்போது ஊட்டி மலையில் எங்கோ வண்டியை ஓரங்கட்டியிருந்தான்.

"ஸ்கூல்ல கேக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லு," என்றாள்.

"கேட்டு?" என்றான் நெல்சன். "வேற நல்ல ஸ்கூலா பாருங்கன்னுவாங்க. போன வருஷம் அந்த அந்தோணி பையன அப்படித்தான அனுப்பனாங்க? நாம ஏறாத ஸ்கூலா? எவன் சேத்துக்கிட்டான்?"

"அப்ப கட்டட்டும்ங்கிறியா?"

பின்னால் யாரோ டீ சொல்லும் சத்தம் கேட்டது. "நான் வந்துடறேன், அப்புறம் பேசலாம் மேரி. அதுவரிக்கும் பிரச்சன பண்ணாத," என்றான். அவன் குரலிலும் அவளுடைய பயமே இருந்தது. அதனால் அவனோடு சண்டை போடக்கூட முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் வழக்கமான கூட்டம். புதிதாகச் சேர்க்க வந்த ஒரு அப்பா தன் பையனை பாக்கியலட்சுமி டீச்சர் முன்னால் தள்ளி, "தோல உரிச்சிடுங்க டீச்சர், கண்ண மட்டும் விட்டுடுங்க!" என்றார். சுற்றி நின்ற அம்மாக்கள் சிரித்தார்கள். எல்லோரும் தங்கள் பிள்ளையை ஒப்படைக்கும்போது சொன்ன சொல்தான் அது. மேரி சிரிக்கவில்லை. பாக்கியலட்சுமி டீச்சர்தான் இனியாவின் வகுப்பு டீச்சர். நல்ல மாதிரியானவர் என்றுதான் மேரி நினைத்திருந்தாள். கேட்டுவிட வேண்டும் என்று இரண்டடி முன்னால் வைத்தவள், "குட்மார்னிங் டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வெளியே ஆட்டோவில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் விஜய்யும் அதே வகுப்புதான். சக்கர நாற்காலியில் வருகிறவன். மதிய இடைவேளையில் அவனைத் தூக்கிக் கொண்டுபோய் கக்கூஸில் உட்கார வைக்க வேறு ஆள் கிடையாது என்பதால், சவாரியை விட்டுவிட்டுத் தினமும் அவரே வருவார்.

"இன்னா தங்கச்சி, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? கடையில ஆடித் தள்ளுபடில உன்னையும் தள்ளிட்டாங்களா?"

"ஒண்ணுமில்லண்ணா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஆட்டோ கண்ணாடியில் எதையோ துடைப்பதுபோல் துடைத்தார். "மத்தியானம் ஒருநாள் உள்ள வந்து பாரேன்."

"எத?"

"சும்மா வந்து பாரு. சாப்பாட்டு வேன் வர்ற நேரத்துக்கு." இதற்கு மேல் சொல்லாமல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே பல்வலி என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டு மேரி வந்தாள். சாப்பாட்டு வேன் உள்ளே போயிருந்தது. கேட் இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது, காவலுக்கு ஆளில்லை. அந்தத் திறந்த கேட்டைப் பார்த்ததும், குழந்தை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு கணம் அவள் மனம் வேண்டிக்கொண்டது. தான் வேண்டியது எது என்று உறைத்ததும் வகுப்பை நோக்கி ஓடினாள்.

வகுப்பில் மற்ற பிள்ளைகள் யாருமில்லை. எல்லோரும் தட்டோடு வராந்தாவில் வரிசையில் நின்றார்கள். ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் இனியா இருந்தாள். அடையாள அட்டை தொங்கும் நீல நாடாவால் அவள் இடது கால் பெஞ்சுக் காலோடு கட்டப்பட்டிருந்தது. அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. மேரியின் விரலுக்கு அது வசப்படவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

வாசலில் பள்ளி ஆயம்மா கன்னியம்மாள் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றாள். "ஐயோ, அவுக்காத மேரி! வேன் போவட்டும்!" என்று பதறினாள். "அப்புறம் நானே அவுத்து, ஊட்டியும் வுடுவேன். என்னிக்காவது பட்டினி போட்டிருக்கனா கேளு."

ஹெட்மாஸ்டர் சக்கரபாணி சாரின் அறைக்குள் இனியாவைக் கையில் பிடித்தபடி மேரி நுழைந்தாள். நாடாவை மேசைமேல் வைத்தாள். அதற்குள் பாக்கியலட்சுமி டீச்சரும் வந்துவிட்டார். அவர் கண்கள் அந்த நாடாவைப் பார்த்ததும் கலங்கின.

"எனக்கு மட்டும் ஆசையா மேரி? நாப்பது புள்ளைங்க. ஆயம்மா சோறு போடப் போயிடுது, கேட்டு தெறந்து கெடக்குது. நீங்கதான சொன்னீங்க? அந்த பஸ்ஸு விஷயம் நடந்த அன்னிக்கு என் கையப் புடிச்சிக்கிட்டு, 'கட்டிப் போட்டாவது வச்சிக்குங்க டீச்சர், வெளிய மட்டும் வுட்டுடாதீங்க'ன்னு அழுதீங்களே!"

மேரிக்கு நினைவு வந்தது. எல்லோரும் தோலை உரிக்கச் சொல்வதுபோல அவளும் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னால் டீச்சர் மனம் இளகும், பிள்ளையை வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னது. வீட்டுக்குப் போகும் முன்பே மறந்துபோன சொல். டீச்சர் மறக்கவில்லை.

"சொன்னேன் டீச்சர்," என்றாள். "பயத்துல சொன்னேன். இப்பவும் பயமாத்தான் இருக்குது. ஆனா கட்டாதீங்க."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நாளைக்கி பொண்ணு மேல பஸ் ஏறுனா டிவிக்காரன் என் மூஞ்சியத்தாம்மா காட்டுவான். பேசாம வேற நல்ல ஸ்பெஷல் ஸ்கூலா..."

வந்துவிட்டது. இத்தனை நாள் எந்த வாக்கியத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாளோ அது வந்தேவிட்டது.

"மாட்டேன் சார். அவ இங்கதான் படிப்பா. சட்டத்துல எடம் இருக்குதுன்னு வாரா வாரம் வர்ற ஸ்பெஷல் டீச்சரே சொல்லிருக்காங்க."

"அப்ப வெளிய போனா பள்ளிக்கூடம் பொறுப்பில்லன்னு எழுதிக் குடுத்துடும்மா."

"அதுவும் மாட்டேன் சார். உள்ள இருக்கறப்ப அவ உங்க பொறுப்பு. கேட்டுக்கு ஆள் வேணும்னு எழுதச் சொல்லுங்க. எத்தினி மனு வேணும்னாலும் எழுதி, நானே கல்வி டிபார்ட்மென்ட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"மனு போயி ஆள் வர்றதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன். அதுவரிக்கும் கேட்ட யாரு பாக்கறது? நீயா?"

"நான் பாத்துக்கறேன்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. தணிகாசலம் மகனைத் தோளில் தூக்கியபடி நின்றிருந்தார். "வேன் உள்ள பூந்ததும் என் ஆட்டோவ குறுக்கால போட்டுடறேன். எறும்பு கூட வெளிய போவாது."

"நீ எதுக்குய்யா இதுல?"

"தெனமும் பாத்துட்டுதான் சார் போறேன். வாயத் தெறந்தா எம் புள்ளையையும் அனுப்பிடுவீங்கன்னு மூடிக்கிட்டு இருந்தேன்." அவர் மேரியைப் பார்க்காமல் சொன்னார். உடனே சிரிக்கவும் முயன்றார். "சீக்கிரமா ஆளப் போடுங்க சார். இல்லன்னா டெய்லி என் மூஞ்சியப் பாத்துட்டுதான் நீங்க சாப்புடணும்."

ஹெட்மாஸ்டர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து டிராயருக்குள் போட்டார். "ஒரு வாரம் பாப்போம். மனுவ எழுதிக் கொண்டாம்மா. ஒரு வாரந்தான்."

மறுநாள் மேரி கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பத்துக்குப் பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேன் வரும் நேரம். போன் லாக்கரில். அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி கடை நம்பரைப் பள்ளியில் கொடுத்திருந்தாள். தணிகாசலத்துக்கு இன்றைக்கென்று விழுப்புரம் சவாரி ஏதாவது அமைந்துவிட்டால்? ஆட்டோவுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு குழந்தை நுழையும் அளவுக்கு இடம் இருந்தால்? வெளியே ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது. மணப்பெண்ணின் அம்மா, "பார்டர் இன்னா கலரும்மா?" என்று கேட்டது அவள் காதில் விழவில்லை.

கல்லாவில் போன் அடித்தது.

சூப்பர்வைசர் எடுத்தார். "ஆமா... ஆமா..." என்றார். மேரியின் பக்கம் திரும்பினார். அவள் கையிலிருந்த பட்டு நழுவித் தரையில் விரிந்தது.

"இன்னா மேரி, தண்ணி கிண்ணி வேணுமா?" என்றார் அவர், ரிசீவரைப் பொத்திக்கொண்டு. "பிளவுஸ் தைக்கறவன் பேசறான். பொறுமையா எடு, பட்டு கசங்கிடப் போவுது."

மாலையில் இனியா கேட்டருகே கன்னியம்மாளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வழியெல்லாம் மேரி குழந்தையின் மணிக்கட்டை விடவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்ட பிறகுதான் சாக்ஸைக் கழற்றினாள். பழைய தழும்பு இருந்தது. புதிதாக ஒன்றுமில்லை. ஒரு வாரத்தில் ஒரு நாள் போயிருந்தது.

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து குழந்தையின் அருகே உட்கார்ந்தாள். முதல் விசில் வந்தது. அடுப்பைக் குறைக்க மேரி தரையில் கையூன்றி எழப் போனாள். அதைக் கண்டதும் இனியா கொடியிலிருந்த துப்பட்டாவை இழுத்து வந்து, கட்டில் காலருகே உட்கார்ந்து, இடது காலை நீட்டினாள்.

மேரி மறுபடி உட்கார்ந்தாள். துப்பட்டாவை வாங்கி மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வேணாம்டா. இனிமே அது வேணாம்," என்றாள்.

கால் நீட்டியபடியே இருந்தது. இரண்டாவது விசில் வந்தது, மூன்றாவதும் வந்தது. சோறு குழைந்து அடிப்பிடிக்கும் வாசனை வரத் தொடங்கியது. இனியா தானாகக் காலை மடக்கட்டும் என்று மேரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.