டிரம்மரின் வலது காது

போன வருடம் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, திருவனந்தபுரம் பழவங்காடிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் நடந்தது இது. செவித்திறன் சோதிப்பது என் வேலை. கூட இருந்த பெண் பிரசவ விடுப்பில் போய் மூன்றாவது மாதம். இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை நான்கு மணிக்குள் பதினெட்டு பேரை முடித்திருந்தேன். ஹெட்ஃபோனைத் துடைத்து வைத்துவிட்டுக் கண்ணை மூடினால், உதவிக்கு இருக்கும் சேச்சி எட்டிப் பார்த்தார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் அவருக்குச் சேர்ந்தேதான் வரும்.

"மோளே, உறங்காதே. ஒரு சாயிப்பு வந்திருக்காரு, கேட்டியா."

"திங்கக்கிழமை வரச் சொல்லுங்களேன், சேச்சி."

"டாக்டரே பாத்துட்டு உன்கிட்ட அனுப்பிச்சது. டாக்டரு அஞ்சு மணிக்கு வீட்டுக்கு எறங்கிடுவாரு. நீ பாரு, நான் சாயா கொண்டு வாறேன்."

வெள்ளைக்காரர்களை இங்கே சாயிப்பு என்றுதான் சொல்வார்கள். வந்தவர் ஜெர்மன்காரர், அறுபதைத் தாண்டியவர். விழிஞ்ஞம் பக்கம் ஒரு விடுதியில் ஆயுர்வேத சிகிச்சைக்காகத் தங்கியிருந்தார். முந்தின நாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்திருந்ததாம். எண்ணெய் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறார். டாக்டர் பார்த்ததில் எண்ணெயும் இல்லை, அழுக்கும் இல்லை.

இப்படி ஒரே நாளில் காது அடைத்தால் உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் கேட்கும் திறன் திரும்ப வர வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் போனது போனதுதான். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சோதனை.

சத்தம் புகாத சின்ன அறையில் அவரை உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தேன். ஒலி கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். அழுத்தினால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் கருவியில் விளக்கு எரியும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போவேன். விளக்கு எங்கே நிற்கிறதோ அதுதான் அந்தக் காதின் எல்லை.

முதலில் சோதித்த இடது காதில் வயதுக்கேற்ற குறை தெரிந்தது. வலது காதில் விளக்கு நிற்கவே இல்லை. எவ்வளவு குறைத்தாலும் எரிந்தது. இந்த வயதில் இப்படி ஒரு காதா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி மட்டும்தான், சீக்கிரம் முடிந்ததே என்று. 'வலது காது இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை வாங்கிக்கொண்டு எழுந்தபோது மேஜையில் இருந்த என் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். அதில் ஒரு ஜெர்மன் பவர் மெட்டல் குழுவின் படம் ஒட்டியிருந்தேன். அசுர வேக டிரம்ஸ், உச்சஸ்தாயிப் பாட்டு, வாளும் டிராகனுமாக வரிகள். கல்லூரி விடுதியில் படிக்கும் காலத்திலிருந்து எனக்கு அந்தக் குழு என்றால் உயிர்.

"இவர்களை இங்கேயும் கேட்கிறார்களா?" என்றார்.

எனக்கு எதையும் பட்டியலாகத்தான் நினைவில் வைக்கத் தெரியும். அத்தனை களைப்பிலும் ஒப்பித்தேன். ஆரம்பத்தில் நான்கு பேர். இரண்டு முறை பெயர் மாற்றினார்கள். பாட ஆள் கிடைக்காமல் கிட்டார்காரரே பாடினார். வீட்டிலேயே பதிவு செய்து ஒரு கேசட் வெளியிட்டார்கள். முதல் ஆல்பத்துக்கு முன்னால், ஒத்திகைக்கு ஒழுங்காக வராத டிரம்மரை நீக்கினார்கள்.

"கடைசி வரி தப்பு," என்றார். "ஒத்திகைக்கெல்லாம் போனேன். அப்பாவின் பேக்கரியில் விடியும் முன்னே மாவு பிசைய ஆள் இல்லை. ஊர் ஊராகப் போய் வாசிக்க என்னால் முடியாது என்று நானே விலகினேன்."

அந்த டிரம்மரே இவர்தான். அவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். உருளைக்கிழங்கு சேமிக்கும் கொட்டகையில்தான் ஒத்திகையாம். ஆம்ப்ளிஃபயரைக் கொஞ்சம் கூட்டினால் ஃபியூஸ் போய்விடும். கிட்டார் எல்லாம் ஊமையாகிவிடும். நிறுத்தாமல் இவர் மட்டும் அடித்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் இவர் கையைப் பார்த்து வெறும் கம்பியை மீட்டுவார்கள். கரன்ட் வரும்போது நான்கு பேரும் பாட்டின் ஒரே இடத்தில் இருப்பார்களாம்.

"காதில் விழ வேண்டும் என்று இல்லை. இரண்டு அடி கேட்டால் போதும், மூன்றாவது எங்கே விழும் என்று இந்தக் கைக்குத் தெரியும்," என்று கட்டை விரலால் மேஜை விளிம்பில் தட்டிக் காட்டினார். டக், டக், டக்.

அந்தத் தட்டல் எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் உறைத்தது. அது என் விரலின் வேகம். கொஞ்சம் முன்னால் நான் ஒலி கொடுத்த அதே இடைவெளி.

ஒலியை எப்போதும் சீராகக் கொடுக்கக் கூடாது. அடுத்தது எப்போது வரும் என்று நோயாளி ஊகிக்க முடியாதபடி இடைவெளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படிக்கும்போது முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. பத்தொன்பதாவது ஆளின் இரண்டாவது காதுக்கு வரும்போது என் விரல் கடிகாரம் மாதிரி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் ஒரு டிரம்மருக்கு.

"அந்தத் தாளைக் கொடுங்கள்," என்றேன். "தப்பு செய்துவிட்டேன். மறுபடியும் உட்காருங்கள்."

இந்த முறை இடது காது கேட்டு உதவாதபடி அதை இரைச்சலால் மறைத்துவிட்டு, வலது காதில் ஒலியை இரண்டு எண்ணி, ஏழு எண்ணி, மூன்று எண்ணிக் கொடுத்தேன். விளக்கு எரியவில்லை. கூட்டினேன். எரியவில்லை. பாதிக்கு மேல் கூட்டிய பிறகுதான் ஒரு தடவை எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது.

"முதல் முறை ஏமாற்றவில்லை," என்றார் வெளியே வந்து. "கேட்டு அழுத்தினேனா, எண்ணி அழுத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை."

மணி ஐந்து ஆகியிருந்தது. சேச்சி சாயா டம்ளரோடு நின்றார். அவரைத் தாண்டி ஓடினேன். டாக்டர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி, முதலில் எழுதியது தவறு என்பதையும் சொன்னேன். வாங்கிப் படித்தார். உடனே இறங்கி உள்ளே வந்தார். அன்றைக்கே மருந்து ஆரம்பித்தது.

சாயா ஆறிப்போயிருந்தது. "சாயிப்புக்கு என்ன மோளே, நீ ஏன் கரையற?" என்று சேச்சி கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து மெயில் வந்தது. கேட்கும் திறன் முழுதாக வரவில்லையாம், பாதிக்கு மேல் வந்துவிட்டதாம். வலது பக்கம் யாராவது கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிறாராம். அவரைப் பற்றிய அந்தக் கடைசி வரியை என் பட்டியலில் திருத்திவிட்டேன். கூட வேலை பார்த்த பெண் இன்னும் திரும்பவில்லை, கூட்டமும் குறையவில்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அந்த விளக்கு ஒரே சீரான இடைவெளியில் எரிய ஆரம்பித்தால், கையை எடுத்துவிட்டு, இது எதிரே இருப்பவரின் காதா, என்னுடைய களைப்பா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.