நானூற்றுப் பன்னிரண்டு பச்சை, ஒரு சாம்பல்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ‘சிவப்பு மேடம்’ என்று பெயர். அவள் கை பட்டால் சோதனைத் திரை சிவந்துவிடுமாம். கிண்டலைப் பாருங்கள்! ஓட்டையை வைத்தவன் நல்லவன், காட்டிக் கொடுத்தவள் கெட்டவள்.

சாஃப்ட்வேரைச் சோதிக்க வருவதற்கு முன் ஏழு வருஷம் புகார் தொலைபேசியில் உட்கார்ந்தவள். ஊரார் திட்டையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதனால் மற்றவர்கள் “வேலை செய்யுதா?” என்று கேட்கும்போது, அவள் மட்டும் “வேலை செய்யலேன்னா என்ன சொல்லுது?” என்று கேட்பாள். கேட்டால் யாருக்குப் பிடிக்கிறது?

அவர்கள் செய்தது மருத்துவமனைகளுக்கான சாஃப்ட்வேர். டாக்டர் மருந்து எழுதும் முன், அந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஏபிஐ என்ற இணைப்பு வழியாக இன்னொரு கணினியிடம் கேட்டுத் திரையில் காட்ட வேண்டும். அந்தக் கணினி படுத்துவிட்டால்? அதற்கென்று அவள் ஒரு சோதனை எழுதினாள். ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று கூசாமல் சொன்னது திரை. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இல்லை என்கிறதே, பாவி! சோதனை தோற்றது, சிவந்தது.

மற்ற சோதனைகள் எல்லாம் பதில் வந்ததா என்று மட்டும் பார்ப்பவை. பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. காலியாக வந்தாலும் வந்ததுதானே, போடு பச்சை.

மூன்று வாரம் தொண்டை வறளச் சொன்னாள். வெளியீட்டு நாள் காலையில் வந்து பார்த்தால், சுவர்த் திரையில் நானூற்றுப் பன்னிரண்டு பச்சை. அவளுடைய சோதனை மட்டும் சாம்பல் நிறம். யாரோ அதை ஓடவே விடாமல் ‘தவிர்’ என்று குறித்திருந்தார்கள்.

“யாரு பண்ணது இதை?” என்று புரோகிராமரிடம் பாய்ந்தாள்.

“சார்தான் சொன்னாரு மேடம். ஒரு சிவப்பு இருந்தாலும் ரிலீஸ் நின்னுடுமே.”

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே மேலாளர் அறைக்குப் போனாள். சோதனையெல்லாம் சரி என்று அவள் கையெழுத்திட வேண்டிய வெளியீட்டுப் படிவத்தை அவர் அவள் பக்கம் தள்ளினார்.

“ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டர் ஆயிரத்துல ஒரு தடவை படுக்கும். அதுக்குப் போய் இவ்வளவு ரகளையா? கையெழுத்தைப் போடுங்க.”

“அந்த ஒரு தடவை மாட்டிக்கறது யாரு சார்?”

“யாரோ ஒருத்தர். விடுங்க.”

யாரோ ஒருத்தராம்! போன வருஷம் இதே மனிதர், தலைவலிக்கு யார் மேஜையிலிருந்தோ ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டு, முகம் வீங்கி, மூச்சு முட்டிச் சாய்ந்தார். நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவள் இவள்.

எதிரே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். சோதனைக்கான நோயாளியாக மேலாளர் பெயரைத் தட்டினாள். ஒவ்வாத மருந்து என்ற இடத்தில் அந்த மாத்திரையின் பெயரைப் போட்டாள். ஒவ்வாமை விவரம் சொல்லும் அந்த இன்னொரு கணினிக்குப் பதிலாகச் சோதனைக்கென்று வைத்திருந்ததை நிறுத்தினாள். டாக்டர் பார்க்கும் திரையைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

‘ஒவ்வாமை எதுவும் இல்லை.’

அவர் கண்ணெதிரிலேயே அதே மாத்திரையை அவருக்கு எழுதிக் கொடுத்தாள். திரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

“இப்ப நீங்க நினைவில்லாம ஸ்ட்ரெச்சர்ல கிடக்கீங்க சார். டாக்டர் இதைத்தான் பார்ப்பாரு. கையெழுத்தை நான் போடணுமா, நீங்களே போடறீங்களா?”

மேலாளரின் கை தன்னையறியாமல் தொண்டைக்குப் போனது. புரோகிராமரைக் கூப்பிட்டார்.

“இதைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?”

“அரை நாள் போதும் சார்.”

அரை நாள்! மூன்று வாரமாக மூடி மறைத்தது அரை நாள் வேலையை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

மேலாளர் படிவத்தை இழுப்பறையில் போட்டு மூடினார். “இவ்வளவு பெரிய விஷயம்னு அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார்.

“சொன்னேன் சார். அப்ப ஸ்ட்ரெச்சர்ல கிடந்தது யாரோ ஒருத்தர்.”