பத்திரிகையைக் கையில் வாங்காதவர்

மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் நான் சூப்பர்வைசர். புதிதாகச் சேரும் ஆளைப் பற்றி முதல் மாதம் ஒரு ரிப்போர்ட், மூன்றாம் மாதம் ஒரு ரிப்போர்ட் ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். இரண்டும் ஒத்துப்போய் நன்றாக இருந்தால்தான் அந்த ஆளுக்கு வேலை நிரந்தரம். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. லோரி டிரைவர்களிடமும் பழைய பேப்பரிலும் பொறுக்கியது.

என் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். நாற்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை ஸ்டோரில் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்து, அவரிடமும் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கை எழவே இல்லை.

"அங்க மேசையில வெச்சிருங்கண்ணே," என்றார். முகத்தையும் பார்க்கவில்லை.

பேக்கிங்கில் இருந்த அக்கா சும்மா விடுவாரா? "இங்க பாஸ் யாரு, நீங்களா அவரா?" என்று சிரித்தார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் முதல் ரிப்போர்ட் வந்துவிட்டது. 'ஹி இஸ் ப்ரவுட்' என்று எழுதினேன். திமிர் பிடித்தவர், ஆட்களை மதிக்கத் தெரியாதவர். இரண்டே வரி, கையெழுத்து.

கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க பத்திரிக வைக்கிறப்போ எங்க பெரியப்பா செத்து ஆறு நாளு. பங்காளி வீடு, பதினாறாம் நாள் கருமாதி முடியல. மஞ்ச தடவுனத அந்தக் கையால எப்படித் தொடுறது? கல்யாணத்துக்கும் அதான் வரல."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணப் பத்திரிக நீட்டுறவர்கிட்ட சாவ சொல்லச் சொல்றீங்களா? புதுசா சேந்தவன், லீவு கேக்கவே பயந்துகிட்டு வந்தேன்."

எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் பங்காளி வீட்டிலும் அதே பதினாறு நாள்தான். ஏன் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் நல்ல ஆள், மரியாதையானவர் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் மலாயும் ஆங்கிலமும் கலந்து தமிழ் பேசும் சீனப் பெண்மணி. என்னைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, மாச்சாம் மானா, இது எப்படி? ஃபர்ஸ்ட் டைம் ப்ரவுட், நவ் குட். எப்படி நான் சைன் பண்றது?"

விஷயத்தைச் சொன்னேன். "அப்போ 'ஹி கேம் அக்ராஸ் ஆஸ் ப்ரவுட்'னு போடு லா," என்று புதுத் தாள் ஒன்றைத் தந்தார்.

தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலத்தில் இதற்கு எத்தனை வழி இருக்கிறது! 'சீம்ட்' என்றால் அப்படித் தெரிந்தது. யார் கண்ணுக்கு என்று சொல்லாமலே தப்பிக்கலாம். 'கேம் அக்ராஸ்' என்றால் அவர்தான் அப்படி வந்து நின்றார் என்று ஆகிறது, பழி அவர் தலையில். கடைசியில் நல்லவராக இருந்தார் என்று 'டர்ன்ட் அவுட்' போட்டு முடித்தாலோ, நடுவில் அவர் மாறிவிட்ட மாதிரி எனக்குக் கேட்கிறது. அவர் எங்கே மாறினார்? 'ஐ டுக் ஹிம் ஃபார்' என்று ஒன்று உண்டு. அப்படி எடுத்துக்கொண்டது நான். அதைத்தான் எழுதினேன், திமிர் பிடித்தவர் என்று நான் எடுத்துக்கொண்டேன், அது என் தப்பு என்று.

மேனேஜர் படித்துவிட்டு, "இது உன் ஃபைலுக்கும் போகும், தெரியும்தானே?" என்றார்.

"போகட்டும் மேடம்."

பத்து நாள் கழித்து ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அதற்குமேல் மறைத்து வைக்க மனம் வரவில்லை. முதல் மாதம் எழுதியதை அவரிடம் அப்படியே சொல்லிவிட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நானும் வீட்டுல உங்களப் பத்தி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேண்ணே."

"என்னது?"

"திமிரு புடிச்சவருன்னுதான். பத்திரிக வெச்சதுக்கு அப்புறம் தெனமும் காலையில வணக்கம் சொல்லுவேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போவீங்களே, அத வெச்சு சொன்னது." ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தார். "இன்னும் மாத்திச் சொல்லல. இன்னிக்குப் போயி சொல்லிடறேன்."