ஆயாவின் துணிக் கிளிப்பும் என் டோக்கன் போர்டும்

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, சொல்லிக்கொள்வதில் ஒரு குஷிகூட உண்டு. கிளினிக்கில் டாக்டர் அறைக்கு வெளியே சிவப்பாக எண் மாறும், "டோக்கன் எண் பதினேழு, அறை இரண்டு" என்று ஒரு குரல் கூப்பிடும், பார்த்திருப்பீர்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் அப்படிக் கூப்பிடுகிற போர்டுகளில் பாதி என் ராயப்பேட்டைப் பட்டறையில் பிறந்தவை. பெட்டி செய்ய, வயர் இழுக்க யாராலும் முடியும். உள்ளே ஓடுகிற புரோகிராம், சி மொழியில் எழுதின லைப்ரரி, என் கைவேலை. தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரைப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வீசியெறிந்த ஜெராக்ஸ் தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் கற்றுக்கொண்டது.

லைப்ரரி என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. எல்லா போர்டுக்கும் பொதுவான வேலைகளை ஒரே இடத்தில் எழுதி வைப்பதுதான். நர்ஸ் பட்டனை அழுத்தினால் அது மெமரியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கி, டோக்கன் எண்ணை அதில் எழுதும். எண் காட்டுகிற டிஸ்ப்ளேவும் கூப்பிடுகிற ஸ்பீக்கரும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்யும். முடிந்ததும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சி மொழியில் அதை நமக்காக வேறு யாரும் செய்ய மாட்டார்கள். வாங்கினவன்தான் திருப்ப வேண்டும்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் சர்க்கரை நோய் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. அவர் கிளினிக்கில் என் போர்டு மூன்று வருஷம் ஒரு குறை இல்லாமல் ஓடியது. மற்ற டாக்டர்கள் அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனவன், அங்கே வேலை செய்கிற பட்டினப்பாக்கத்து ஆயா வீட்டுக்குக் கிளம்பும்போது போர்டின் சுவிட்சை அணைப்பதைப் பார்த்தேன். தினமும் அப்படித்தானாம். எனக்குச் சுருக்கென்றது. என் போர்டு வருஷக்கணக்கில் அணையாமல் ஓடும், இனிமேல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா காதுபடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் போர்டு இருபத்து மூன்றில் நின்றுவிட்டது. ஓடிப்போய் அணைத்துப் போட்டேன், ஓடியது. இன்னும் ஐந்து நாள் கழித்து மறுபடி நின்றது. டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "இன்னொரு தடவை நின்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க. ஆயாவே வாயால கூப்பிடட்டும்" என்றார். அங்கே கழட்டினால் மற்ற இடங்களிலும் கழட்டுவார்கள். முப்பது வருஷத்துப் பேர் அந்த ஆணியில் தொங்கியது.

ஆயா விடுவாரா? துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"நான் டெய்லி அணைச்சிக்கினு இருந்தப்போ நல்லாத்தானே நைனா இருந்திச்சு? உன் வாய்தான் அத்த நிறுத்திடுச்சு."

அந்தப் பேச்சில்தான் எனக்கு விளங்கியது. தினமும் அணைத்தபோது மெமரி காலியாகி, மறுநாள் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அணைக்காமல் விட்டதும் திருப்பாத இடம் சேர்ந்து சேர்ந்து, ஐந்தே நாளில் மெமரி நிரம்பி நின்றிருக்கிறது. என் மூன்று வருஷப் பெருமை ஆயாவின் விரல் நுனியில் இருந்திருக்கிறது.

இடம் எங்கே போகிறது என்று அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தேடினேன். சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள். கூப்பிட்டால் ஆள் இருக்காது. நர்ஸ் 'மறுபடி' பட்டனை அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் லைப்ரரி புது இடம் வாங்கியது, பழையதை அம்போ என்று விட்டது. என் தப்புதான். உடனே, டிஸ்ப்ளே வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பும்படி மாற்றினேன்.

மறுநாள் காலை நானே அங்கே உட்கார்ந்திருந்தேன். டிஸ்ப்ளே சொன்னபடி திருப்பிவிட்டது. ஸ்பீக்கர் அப்போதுதான் படிக்க ஆரம்பித்தது. அதற்குள் அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துவிட்டது. "டோக்கன் எண் ஒன்பதாயிரத்து நாற்பத்தொன்று" என்று கணீரென்று கூப்பிட்டது. என் போர்டுக்கு லட்சம் வரை எண்ணத் தெரியும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். கூடமே சிரித்தது. அப்படியானால் தன் முறை வருவதற்குள் மத்தியானச் சாப்பாடும் முடித்துவிடலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். டாக்டரம்மா கதவைத் திறந்து பார்த்தார். நின்றால் கழட்டு என்றுதானே சொன்னார், உளறினால் கழட்டு என்று சொல்லவில்லையே. அதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை டைம் கேட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்து ஆயாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குப் படிக்க வராது. நோயாளியின் ஃபைலை டாக்டர் கேட்டால் அதில் ஒரு துணிக் கிளிப் மாட்டுவார். ரத்தம் எடுக்கிற அறையும் கேட்டால் இன்னொரு கிளிப். வேலை முடிந்த அறை தன் கிளிப்பைக் கழற்றிவிடும். கடைசிக் கிளிப்பும் போனால்தான் ஃபைல் அலமாரிக்குப் போகும்.

எதற்கு என்று கேட்டேன். "ஒர்த்தர் முட்ச்சிட்டா மத்தவங்களும் முட்ச்சிட்டாங்கனு அர்த்தமா நைனா?" என்றார்.

சாயங்காலத்துக்குள் எழுதி முடித்தேன். யார் டோக்கனை எடுத்தாலும் ஒரு கிளிப் கூடும், விட்டால் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால்தான் இடம் திரும்பும். பெரிய கம்பெனிகளிலும் இப்படித்தான் செய்கிறார்களாம், அதற்கு இங்கிலீஷில் பெயர்கூட இருக்கிறதாம். இருக்கட்டும். என் லைப்ரரியில் அதன் பெயர் கிளிப்தான். அந்த யோசனை ஆயாவுடையது. பார்த்த ஐந்து மணி நேரத்தில் அதை சி-யில் எழுதிக் காட்ட இந்த எட்டாவது படித்தவனால்தான் முடிந்தது.

ஐந்தாம் நாள் போய் நின்றேன். ஓடியது. பத்தாம் நாளும் ஓடியது. ஒரு மாதம் கழித்துப் போனபோது ஆயா கிளம்பிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் கை சுவிட்சுக்குப் போனது. என்னைப் பார்த்தார்.

"அணைக்கவா, வோணாவா?"

வேண்டாம் என்றேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் அந்த சுவிட்சை நான் பார்க்கவில்லை. அதன் மேல் ஆயா ஒரு தினசரிக் காலண்டரை மாட்டிவிட்டார்.