கும்பிடுபூச்சிக்கு வளைகாப்பு

எத்தனை முறை சாம்பல் போட்டுக் கழுவினாலும் அந்தப் பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் வாடை போகவே இல்லை. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பருத்திக் காட்டில் பிடித்த ‘கும்பிடுபூச்சி’யை அதற்குள் வளர்த்தோம், நானும் பக்கத்து வீட்டுச் செல்வியும். முன்னங்கால்களைக் கூப்பியபடி தலையை மட்டும் திருப்பி நம்மைப் பார்க்கும். வெட்டுக்கிளியை விட்டால் கும்பிட்ட கையாலேயே பிடித்துத் தின்னும்.

மாசியில் அதன் வயிறு உப்பியது. “ஏடி, இது மாசமா இருக்குடி” என்றாள் செல்வி. என் அக்காவும் அப்போது வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்குத் தலைவாரிச் சோறூட்டி வளர்த்தவள் அவள். பிறகென்ன, பூச்சிக்கும் வளைகாப்பு வைத்தோம். அக்காவின் கண்ணாடி வளையலுக்குள் அதை நிறுத்தி, தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலத்தி எடுக்கப் போனால், அது தானாகவே நடந்து தட்டுக்குள் இறங்கியது. தண்ணீர் பட்டதுதான் தாமதம், வயிற்று நுனியிலிருந்து கறுப்புக் கம்பி போல ஒன்று வந்தது, வந்துகொண்டே இருந்தது, பூச்சியைவிட மூன்று மடங்கு நீளத்துக்குச் சிவப்புத் தண்ணீரில் நெளிந்தது. செல்வி ஓடிவிட்டாள். ஒட்டிய வயிற்றோடு பூச்சி செத்துக் கிடந்தது.

பூச்சியின் உடம்புக்குள் வளர்ந்து, தண்ணீரைக் கண்டதும் வெளியேறும் ஒரு வகைப் புழு அது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஒன்பது வயதில் எனக்குப் புரிந்ததெல்லாம், தண்ணீர் பட்டால் வயிற்றில் இருப்பது வெளியே வரும், வந்தால் தாய் செத்துவிடும் என்பதுதான். மறுநாள் வெயிலில் அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். இருந்த ஒரு குடத்தையும் கவிழ்த்துவிட்டு ஓடினேன். அம்மா கன்னம் வீங்க அடித்தும் காரணம் சொல்லவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்க அக்கா கூப்பிட்டபோதெல்லாம் தள்ளியே நின்றேன்.

அன்று அந்த வயிற்றில் இருந்தவளுக்குப் போன மாதம் அருப்புக்கோட்டையில் வளைகாப்பு. ஆலத்தித் தட்டைக் கண்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டாள்.

“மாசமா இருந்தவ ஒரு வாயி தண்ணி கேட்டேன். கொடத்தக் கவுத்துட்டு ஓடுனவதான நீ. எம்புள்ள வாரது ஒனக்குப் புடிக்கலன்னுதான் இத்தன வருசமா நெனச்சிருக்கேன்” என்றாள்.

புழுவைப் பார்த்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பருத்திக் காட்டில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது, கும்பிடுபூச்சி கண்ணில் பட்டே வருடக்கணக்காகிறது, காட்டுவதற்குக்கூட ஒன்று இல்லை.

“சரி, போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டா” என்றாள் அக்கா.