அதுக்கு முதல் கடல்

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜெயம் அக்கா மெல்பேர்னில் இறந்துபோனதை அவருடைய மகன் போனில் சொன்னபோது நான் அழவில்லை. ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் நான் வேலை பார்க்கும் மெத்தைக் கடையின் கணினி முன்னால் உட்கார்ந்தேன். இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் திறந்து, ஃப்ரீமாண்டில் என்ற ஆஸ்திரேலியத் துறைமுக நகரத்தின் 'புகழ்பெற்ற மனிதர்கள்' பகுதிக்குப் போனேன். ஓர் அரசியல்வாதிக்கும் ஒரு கால்பந்து வீரருக்கும் நடுவில் 'ஜெயம், திரைச்சீலை விற்பனையாளர்' என்று சேர்த்தேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒரு மெத்தையில் படுத்துப் புரண்டு எழுவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதை அழித்துவிட்டார். காரணமும் எழுதியிருந்தார்: இந்த நபர் புகழ்பெற்றவர் அல்லர்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மெத்தையின் விலையைச் சொல்லும்போதே நான் அழுததைப் பார்த்து அந்த வாடிக்கையாளர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அக்காவை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாத சிலருக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமாகி ஃப்ரீமாண்டிலுக்குப் போய், கணவர் காலமான பிறகு மகனோடு ஆக்லாந்துக்கு வந்தவர். வீடு ஹில்ஸ்பரோவில். வேலை என் கடைக்கு அடுத்த திரைச்சீலைக் கடையில். அவர் வெளிச்சத்தை மறைக்க, நான் படுக்கை போட, ஒருவருடைய வியாபாரத்துக்கு மற்றவர் துணையாக இருந்தோம். மதியம் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் தலையில் நரை கண்ட பிறகும் அவருக்கு நான் 'மதுரைத் தம்பி'தான்.

கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்கு மறுவருடம் அவரை முதன்முதலில் பார்த்தபோது, தமிழர் என்று தெரிந்த சந்தோஷத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க எந்த ஊருக்கா?"

"ஃப்ரீமாண்டில்."

"அது சரிக்கா, சொந்த ஊரு?"

"ஏன், நான் என்ன இரவல் ஊரையே சொன்னனான்?"

அத்தோடு நான் சாம்பார் சாதத்தில் கவனம் செலுத்தினேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. இலங்கைத் தமிழர்கள் கூடும் இடங்களில் 'ஊரில எவடம்?', அதாவது ஊரில் எந்த இடம், என்று ஒரு கேள்வி உண்டு. கேட்பதற்கு அன்பாகத்தான் இருக்கும். ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்தது கோயில், பிறகு ஒழுங்கை என்கிற சந்து, பிறகு இன்னாருக்கு நீங்கள் என்ன முறை. கதை முடிவதற்குள் உங்கள் சாதி மேசைக்கு வந்து சேர்ந்திருக்கும். இதைப் பழிக்க மதுரைக்காரனுக்கு யோக்கியதை இல்லை. நாங்கள் 'நீங்க எந்தப் பக்கம்?' என்று ஆரம்பித்து 'வீட்ல கவிச்சி உண்டா?' என்று முடிப்போம். சரக்கு ஒன்றுதான், லேபிள் வேறு. அக்கா அந்தக் கடைக்குள்ளேயே நுழையமாட்டார். யார் கேட்டாலும் ஃப்ரீமாண்டில்தான். அதோடு விடவும் மாட்டார். "எங்கட ஊரில எப்பிடிப்பட்ட ஆக்கள் இருந்தவை தெரியுமோ?" என்று தொடங்கினால் கேட்டவர் வந்த காரியத்தை மறந்துவிடுவார்.

அந்தப் பெரிய மனிதர்களை எனக்கும் அவர்தான் அறிமுகப்படுத்தினார். மரியா என்று ஓர் இத்தாலியக் கைம்பெண். அக்கா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மீன்பிடித் துறையிலிருந்து தினமும் மீன் தலை கொண்டுவந்து கொடுத்தவர். ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாமலே குழம்பில் புளி காணாது, அதாவது போதாது, என்று சொல்லிக் காட்டியவர். அப்புறம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பேர்ட்.

"அவன்ர கிரேனில கடற்காகம் முட்டை இட்டுப்போட்டுது. குஞ்சு பொரிச்சுப் பறக்குமட்டும் அசைக்கமாட்டன் எண்டு ஏறிக் குந்திட்டான். கப்பலெல்லாம் வெளியில நிண்டது."

"கப்பல் முதலாளிங்க சும்மா விட்டாங்களாக்கா?"

"அவங்கட பேர் உமக்குத் தெரியுமோ?"

"தெரியாதுக்கா."

"பேர்டின்ர பேர் தெரியுமெல்லே? அப்ப ஆர் பெரிய ஆள்?"

இன்னொருவர் ஒரு டாக்டர். "பின்னேரத்திலதான் வருவார். காசு வாங்கமாட்டார். அவர் வந்தால் முழு ஊருக்கும் சுகம்" என்றார் அக்கா. மெத்தைக் கடையில் வேலை பார்த்தும் தீராத என் முதுகுவலிக்கு அவரிடம் போனில் ஆலோசனை கேட்கலாமா என்று பல நாள் அக்காவை நச்சரித்தேன். கடைசியில் அக்காவின் மகன் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னான். அங்கே கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றுக்கு 'டாக்டர்' என்று பெயராம். "மனுசர் எண்டு நான் எப்ப சொன்னனான்?" என்றார் அக்கா, தையல் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு.

இதையெல்லாம் கேட்டு ஜெயம் அக்கா ஒரு விளையாட்டுக்காரி என்று நானும் நினைத்திருந்தேன், ரானுயியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும்வரை.

அக்காவின் கடையில் தர்சினி என்ற பெண் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா மணியம் அண்ணை அகதியாக வந்து பஸ் ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர். தர்சினியும் சிட்னியின் பென்ரித் பகுதியில் வளர்ந்த பிரணவன் என்ற பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அம்மா பெண் பார்க்க வருகிறார் என்றதும் கடைப்பக்கமே கலங்கியது. ஏனென்றால், இதற்கு முன் வந்த ஒரு சம்பந்தம் 'எவடம்?' என்ற கேள்வியிலேயே முறிந்துபோயிருந்தது. அதன் பிறகு மணியம் அண்ணை தமிழர் விசேஷங்களுக்குப் போவதையே விட்டிருந்தார்.

"எங்கட பக்கத்துக்கு ஆக்கள் காணாது. நீரும் வந்து குந்தும்" என்று அக்கா என்னையும் ரானுயியில் இருந்த மணியம் அண்ணை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "நான் என்னக்கா பேசுறது?" என்றேன். "ஒண்டும் கதையாதையும். சாப்பிடும்" என்றார். என் திறமை அறிந்தவர்.

பையனோடு வந்திருந்த அவனுடைய அம்மா மரியாதையானவர்தான். பயணம், குளிர், வீட்டு விலை எல்லாம் பேசினார். ஆனால் முன்னால் வைத்த தேநீரைத் தொடவில்லை. எனக்கு உறைக்காத அது மணியம் அண்ணைக்கு உறைத்திருந்தது. அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அப்ப, ஊரில நீங்கள் எவடம்?"

மணியம் அண்ணை தன் கோப்பையைக் கீழே வைத்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் தர்சினியின் வளையல் சத்தம் நின்றது.

"எங்கட ஊர்" என்றார் ஜெயம் அக்கா.

"உங்கட ஊர் எது அக்கா?"

"ஃப்ரீமாண்டில்."

"அது இப்ப. அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் கடல்."

நான் இன்னொரு வடையை எடுத்தேன்.

"பகிடி விடாதேங்கோ அக்கா. இது கலியாண விசயம்."

"ஓம், கலியாண விசயம்தான்." அக்காவின் குரல் மாறிவிட்டது. நான் அதுவரை கேட்டிராத குரல். "பிள்ளையைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன். தகப்பனைப் பற்றிக் கேளுங்கோ. தாய் போனாப்பிறகு, விடிய பஸ் ஓடி, பின்னேரம் வந்து சமைச்சு, மகளுக்குத் தலை இழுத்து விட்டு வளத்த மனுசன். பின்னல் கோணினா அவிட்டுத் திருப்பிப் பின்னுவார். எங்கட ஊரில இப்பிடியான ஆக்களைத்தான் பெரிய ஆக்கள் எண்டுறது. உங்கட ஊரில எப்பிடி?"

பையன்தான் வாயைத் திறந்தான். அவனுடைய தமிழ் அவ்வளவுதான் என்பதை மன்னித்துக்கொள்ளுங்கள்.

"அம்மா, ஐ ஆம் ஃப்ரம் பென்ரித். அப்ப நான் எவடம்?"

சமையலறைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டு, அவசரமாக அமுங்கியது. பையனின் அம்மா மகனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மணியம் அண்ணையின் கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார், பின்னல் போடும் கை எப்படி இருக்கும் என்று பார்ப்பதுபோல. பிறகு ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"சீனி கொஞ்சம் காணாது" என்றார்.

மணியம் அண்ணை எழுந்து சீனி எடுக்கப் போனார். போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. தர்சினிதான் கொண்டுவந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கல்யாணத்தில் அந்தச் சம்பந்தியம்மா விருந்தினரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "மருமகளின்ர ஆக்கள் ஃப்ரீமாண்டில் பக்கம்." கேட்ட பெரியவர் ஒருவர், நல்ல பகுதிதான் என்று தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரானுயியிலிருந்து திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "அக்கா, அவங்க எந்திரிச்சுப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"போயிருந்தால் போயிருப்பினம். மணியம் இனி எங்கயும் போகாமல் இருக்கமாட்டார். அது காணும்."

அவர் சொன்னபடியே மணியம் அண்ணை இப்போது எல்லா விசேஷங்களிலும் முன்வரிசையில்தான் உட்காருகிறார்.

சில வருடங்களுக்குப் பிறகு மகனுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்து, அக்காவும் போய்விட்டார். பின்வாசலில் நான் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொண்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. ஒருவரை அறிமுகப்படுத்தும்போது அவர் யாருக்கு என்ன உறவு என்று நான் இப்போது சொல்வதில்லை. அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குச் சொந்தமானதல்ல. மரியாவும் பேர்டும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். அதனால் என்ன? ஜெயம் அக்கா ஒருவரைப் பெரிய ஆள் என்று சொன்னால், அதற்கு மேல் எனக்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே மவுண்ட் ராஸ்கிலில் நினைவுக் கூட்டம் நடந்தது. மகனோடு மெல்பேர்னிலிருந்து அவர்களுடைய பக்கத்து வீட்டு அம்மாவும் வந்திருந்தார். என் பெயரைக் கேட்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள்தானோ அது! அங்க ஆர் எவடம் எண்டு கேட்டாலும் அக்கா 'ஆக்லாந்து' எண்டுதான் சொல்லுவா. எங்கட ஊரில எப்பிடிப்பட்ட ஆக்கள் இருக்கினம் தெரியுமோ எண்டு துவங்கினால் நிப்பாட்ட ஏலாது. அதில முதல் ஆள் நீங்கள்."

நான் சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டேன். எப்போதாவது நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளை அக்கா படித்ததே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்.

அந்த அம்மா மேடைக்குப் போய் மைக்கை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"ஒரு தேவாரம் பாடுங்கோ தம்பி. நீங்கள் பாடினால் கல்லும் கரையுமெண்டு அக்கா சொல்லுவா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மணியம் அண்ணை கண்ணை மூடிக் கைகளைக் கூப்பிக்கொண்டார்.

எனக்குப் பாட வராது.